மார்த்தாண்ட வர்மாவின் பென்ஸ் கார்

உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1922 மார்ச் 22 அன்று பிறந்தார். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளுக்கு உடன்பிறந்த தம்பி. சமஸ்தானம் 1949இல் கொச்சியோடு இணைந்துவிட்டதால் நாடாளும் வாய்ப்பு இவருக்கு வரவில்லை. அண்ணன் 1991இல் காலமான பிறகு குடும்பத்தின் மூத்தவராகவும் பத்மநாப சுவாமி கோயிலின் பொறுப்பாளராகவும் இருந்து, 2013 டிசம்பர் 16 அன்று 91 வயதில் மறைந்தார். ஊர்ச் சனங்களின் பேச்சில் இன்றும் அடிபடுவது அவருடைய பட்டங்களைவிட அவருடைய கார்தான்.

அதே பெயருடைய முன்னோர் ஒருவர் உண்டு: 1729 முதல் 1758 வரை ஆண்ட அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. அவரை எதிர்த்த பிரபுக்களான எட்டு வீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது அவர் ஒரு பலா மரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது கதை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பெயரில் அந்த மரத்தின் மிச்சத்தைக் காட்டுகிறார்கள். பழைய தலைநகரான பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உயிருக்கு அஞ்சி ஓடிய மன்னரின் வம்சத்தில், அதே வழியில் சொகுசாகக் கார் ஓட்டும் காலம் 200 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

அந்த வழி நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை என்று நாகர்கோவிலுக்கும் குமரிக்கும் போகும் நெடுஞ்சாலை. 1930களில் திருவிதாங்கூர் அரசு இதைக் கான்கிரீட் சாலையாக்கியது. 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்துப் போக்குவரத்து தொடங்கியபோது, லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்டர் என்ற அதிகாரியே முதல் வண்டியை ஓட்ட, மன்னரும் உறவினரும் அதில் பயணம் செய்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வண்டிகள் ஓடின. இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேர் அதுதான். மார்த்தாண்ட வர்மாவுக்கு அப்போது 16 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இயந்திர வண்டிகளின் மேல் ஆசை பிறக்க அதைவிடத் தோதான வயது ஏது?

1956 நவம்பர் 1இல் இதே சாலையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழைந்தால் தமிழ்நாடு.

இனி கார். 1950களில் மார்த்தாண்ட வர்மா பெங்களூரிலும் பிறகு மங்களூரிலும் நிறுவன வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் 12,000 ரூபாய்க்கு வாங்கியதாகச் சொல்லப்படுவதுதான் மெர்சிடிஸ் பென்ஸ் 180. அதன் எண் ‘கேன் 42’. கர்நாடகப் பதிவு கொண்ட வண்டி என்பதால் திருவனந்தபுரத்துத் தெருக்களில் தனியாகத் தெரியும். நெடுந்தூரம் ஓடிய வண்டிகளுக்கு மெர்சிடிஸ் நிறுவனம் வழங்கும் பதக்கங்கள் அதற்கும் கிடைத்தன. இந்தப் பழைய வண்டியைக் கொடுத்தால் இரண்டு புதிய கார்கள் தருவதாக நிறுவனம் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு.

இந்தக் காரில் மட்டும் 23 லட்சம் மைல் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. கணக்குப் போட்டுப் பார்த்தால், 60 ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் தினம் 105 மைல் ஓட்டியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அதை 60 ஆண்டுகள் தினமும் செய்வது எவராலும் ஆகாது. இந்த எண்ணை அப்படியே நம்புவதைவிட, பிரியத்தில் ஊதிப் பெருத்த கணக்கு என்று வைத்துக்கொள்வதே சரி. பாதியைத் தள்ளினாலும் மிச்சம் அசாதாரணம்தான்.

காரைத் தாண்டி அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது திருவிதாங்கூரின் மருமக்கள்தாயத்தை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அரச குடும்பத்து ஆணுக்குத் தன் மனைவி மக்கள் ஒரு குடும்பம், தாயும் சகோதரியும் அவள் பிள்ளைகளும் இன்னொரு குடும்பம். மார்த்தாண்ட வர்மா 1945இல் ராதா தேவியை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். 2005இல் ராதா தேவி மறையும்வரை 60 ஆண்டு இல்லறம். அண்ணன் சித்திரைத் திருநாள் திருமணமே செய்துகொள்ளாதவர். ஆக, வம்சம் முழுக்க அக்கா கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயின் பிள்ளைகளை நம்பியிருந்தது.

அந்த அக்காவின் கணவர்தான் பூஞ்ஞாறு அரச குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் கோத வர்ம ராஜா. மைத்துனருக்குக் கார் என்றால் இவருக்கு விளையாட்டும் விமானமும். 1950இல் திருவிதாங்கூர் – கொச்சி கிரிக்கெட் சங்கத்தை உருவாக்கினார். 1951-52இல் அந்த அணி மைசூருக்கு எதிராகத் தன் முதல் ரஞ்சிப் போட்டியில் இறங்கியது. 1954இல் அவர் அமைத்த விளையாட்டுக் கவுன்சிலே இன்றைய கேரள விளையாட்டுக் கவுன்சில். திருவனந்தபுரத்தில் விமான நிலையமும் பறத்தல் கழகமும் அமைய முன்நின்றவரும் அவரே. 1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு நாள். இந்தத் தம்பதியரின் மூத்த மகன் அவிட்டம் திருநாள் 1944இல் ஆறு வயதில் இதய நோயால் இறந்தான். அந்தச் சிறுவனின் பெயரில் எழுந்ததுதான் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான எஸ்.ஏ.டி. (ஸ்ரீ அவிட்டம் திருநாள்) மருத்துவமனை. பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்கள் பல பிரசவத்துக்குப் போகும் அந்த இடத்தின் பெயருக்குள் இப்படி ஒரு பிள்ளையின் நினைவு இருக்கிறது.

கடைசிக் காலத்தில் மார்த்தாண்ட வர்மாவின் அன்றாடம் காலையில் பட்டம் அரண்மனையிலிருந்து பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போவது. ஒரு நாள் தவறினாலும் அபராதம் கட்டுவதாக அவரே சொல்லியிருக்கிறார். கோயில் நிர்வாகம் குறித்து அவர் தொடர்ந்திருந்த வழக்கு அவர் காலத்துக்குப் பின்னும் நடந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை இப்போது வகிப்பவர் கோத வர்ம ராஜாவின் மகன் மூலம் திருநாள் ராம வர்மா.