நாள் தள்ளிப்போகும் முன்பே

குழந்தை ஏதாவது குறையோடு பிறந்துவிட்டால் நம்ம வீடுகளில் வருகிற முதல் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியாம்மா?" கேட்பது தாயைத்தான். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் பிறவிக் குறைபாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடிவதில்லை. மரபணு, நெருங்கிய சொந்தத்தில் திருமணம், தாயின் கட்டுப்படாத சர்க்கரை, ருபெல்லா தொற்று, மது என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஆனால் ஒரு வகையைப் பெருமளவு தடுக்க முடியும்: நரம்புக்குழல் குறைபாடு.

கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான தகடு மாதிரிதான் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் எழும்பி, மடிந்து, ஜிப் போடுவது போல மூடிக் குழலாகும். மேலே மூடாவிட்டால் மூளை வளராது; குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகில் தண்டுவடம் பிதுங்கலாம், கால்கள் செயலிழக்கலாம்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கரு உருவாகி சுமார் 28 நாளுக்குள் இந்த ஜிப் மூடியாக வேண்டும். மாதவிடாய் வரவேண்டியதோ ஏறக்குறைய 14ஆம் நாள். "தள்ளிப்போயிருக்கு, இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்"னு பொறுத்தாலே அவகாசம் முடிஞ்சுபோச்சு. அதற்குப் பிறகு டாக்டரைப் பார்த்து வாங்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு வகையில் உதவும், இதற்கு உதவாது. ரிலீஸுக்குப் பிறகு பேட்ச் போட முடியாத பகுதி என்று எங்கள் தொழிலில் சொல்வோம்.

இந்த மாத்திரையின் பலனை உறுதிசெய்தது 1991இல் லான்செட்டில் வெளியான ஆய்வு. ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தில் இக்குறைபாடு வந்த பெண்கள், 7 நாடுகள். ஃபோலிக் அமிலம் எடுத்த 593 பேரில் 6 கருக்களுக்கும், எடுக்காத 602 பேரில் 21 கருக்களுக்கும் குறைபாடு. 72% தடுப்பு. வித்தியாசம் தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே இதைச் சேர்க்கச் சட்டம் போட்டது.

"கீரை சாப்பிட்டா போதாதா?" கீரையில் ஃபோலேட் உண்டுதான், ஆனால் வேகவைக்கும்போது நிறைய போய்விடும். அதனால் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு ஒரு குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தால் அதைப்போல பத்து மடங்கு, அதுவும் டாக்டர் சொல்லித்தான்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசணும். பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவதொரு குறைபாடு வரலாம். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் தாய், குழந்தை இருவருக்குமே ஆபத்து.