ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

புண் ஆறினால் மேகநோயும் தீர்ந்தது என்பது நம்மிடையே நிலவும் பெருந்தவறான எண்ணமாகும். சிபிலிஸ் எனப்படும் கிரந்தியின் முதற்புண் பெரும்பாலும் நோவற்றது. மருந்தின்றியே சில வாரங்களில் ஆறிவிடும். 1905ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அதன் கிருமியோ உடலினுள்ளே தங்கி, பல்லாண்டுகளின் பின் இருதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது.

தீயொழுக்கத்தாரை மட்டுமே அது பற்றும் என்பதும் பிழை. குற்றமற்ற மனைவிக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் அது தொற்றக்கூடும். ஆனால் உண்கலத்தாலோ மலகூடத்தாலோ தொற்றுவதில்லை.

ஆணுறை தொற்றும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டும். காலத்தே ஏற்றப்படும் பெனிசிலின் ஊசி குணப்படுத்தும். கர்ப்பிணிகளின் இரத்தத்தைத் தவறாது சோதித்து வந்த இலங்கையை, தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை நீக்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது.

நாம் நாணி மறைப்பதே கிருமிக்கு அரணாகின்றது. ஐயமுற்றால், கணவனும் மனைவியும் ஒருங்கே வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.