மட்டக்களப்புக் கூத்தும் பயிற்சிக் காலமும்: களரியிலிருந்து மேடைக்கு நகர்ந்தபோது விடுபட்டவை

ஈழத்தின் கிழக்குக் கரையில் அமைந்த மட்டக்களப்பு நகரின் மையப்பகுதியாகிய புளியந்தீவு வாவியால் சூழப்பட்டது. கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் கடற்கரை. வாவிக்கு மேற்கே வயல் சார்ந்த ஊர்கள். ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் விழும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளிலும் வேரூன்றிய ஆற்றுகை மரபே வடமோடி, தென்மோடி என்னும் கூத்துகள். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் மிகுதி. தென்மோடியில் காதலும் கற்பனையும் கலந்த கதைகள் மிகுதி. அதன் ஆட்டமும் இசையும் ஒப்பீட்டளவில் நுணுக்கமானவை. இவ்வேறுபாடுகள் பற்றிப் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது. சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ அவ்வகையில் இன்றும் முதல் நூலாக நிற்கிறது.

கூத்து என்பது எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்னும் வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. நாளிதழ்களின் பிரதேசச் செய்திப் பக்கங்களைப் பொறுத்தவரை அது ஓர் இரவு நிகழ்வு: அரங்கேற்றம் நடைபெற்ற இடம், தலைமை தாங்கியவர், பிரதம விருந்தினர், ஒரு நிழற்படம். கூத்தரின் பெயரைவிட விருந்தினரின் பெயர் முன்னே நிற்பது இச்செய்திகளின் மாறாத இலக்கணம். ஊராரின் வழக்கிலோ ‘கூத்துப் பழகுதல்’ என்ற தொடரே முதன்மையானது. அது சில மாதங்கள் நீளும் ஒரு காலப்பகுதியைச் சுட்டுகிறது.

பழகும் காலம்

பெரும்போக அறுவடைக்குப் பின் வயல்வேலை ஓயும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்தைப் பழகுவது, எந்த அண்ணாவியாரை அழைப்பது என்று தீர்மானிப்பர். பாத்திரங்கள் பகிரப்பட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய பாடல்களும் வசனங்களும் வழங்கப்படும் சடங்கு ‘சட்டம் கொடுத்தல்’ எனப்படும். அதன்பின் இரவுதோறும் பயிற்சி நடைபெறும். அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டுக்கு ஏற்ப அடி வைக்கக் கற்றபின் ‘சதங்கை அணிதல்’ நிகழும். முழுக்கூத்தையும் தொடர்ச்சியாக ஆடிப் பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ அடுத்த கட்டம். இறுதியில் அரங்கேற்றம். அதுவும் முடிவன்று, ‘வீட்டுக்கு வீடு ஆடுதல்’ என்ற பெயரில் கூத்தர்கள் ஊர்மனைகளுக்குச் சென்று ஆடி அன்பளிப்புப் பெறுவர்.

அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதற்கு இக்காலப்பகுதியே காரணம். பயிற்சியைப் பல இரவுகள் கண்டவர்களுக்குப் பாடல்கள் மனப்பாடம். கூத்தர் எங்கே தடுமாறுவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கதையின் முடிவு முன்பே தெரிந்திருப்பதால், கதையைக் காட்டிலும் தம் ஊர்ப் பிள்ளை அப்பாத்திரத்தை எவ்வாறு சுமக்கிறான் என்பதே அவர்களின் கவனத்தைக் கவர்கிறது. வட்டக்களரியின் அமைப்பும் இதற்கு இசைந்தது. நடுவே அண்ணாவியாரும் மத்தளக்காரரும் தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். மக்கள் எல்லாத் திசைகளிலும் சூழ்ந்திருப்பர். களரிக்கு முன்பக்கம் என்று ஒன்றில்லை.

மேடையின் வரவு

எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் அரங்கேறிச் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய திருப்பம், தமிழ்க் கூத்தின்பால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கவனத்தையும் திருப்பியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோர் மாணவருக்குப் பயிற்சியளித்தனர். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து சுருக்கப்பட்டது. ஒளியமைப்பும் ஒப்பனையும் செம்மை பெற்றன. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை சிறிதன்று. பாமரர் கலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று நகர்சார் அரங்குகளிலும் பல்கலைக்கழகத்திலும் மதிப்புப் பெற்றது. வடமோடி ஆட்டத்தைக் கொண்டு சமூக ஒடுக்குமுறைகளைப் பேசிய மௌனகுருவின் ‘சங்காரம்’ அந்த மதிப்பின்றிப் பிறந்திருக்க இயலாது. ஆயினும் மேடைக்கு வந்தது அரங்கேற்ற இரவு மட்டுமே. சட்டம் கொடுத்தலும் அடுக்குப் பார்த்தலும் வீட்டுக்கு வீடு ஆடுதலும் ஊரிலேயே நின்றுவிட்டன. மண்டபத்தில் அமர்ந்தவர் கூத்தை முதன்முறையாக, ஒரே திசையிலிருந்து, அந்நியராகவே கண்டார்.

பிந்தைய பத்தாண்டுகளில் போரும் ஊரடங்கும் இரவுக் கூடல்களை அரிதாக்கின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி போன்ற கரையோரப் பகுதிகளைச் சிதைத்தது. இளைஞர் பலர் வேலை தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றனர். ஓர் இரவுக்கு ஆள் திரட்டுவது அரிதன்று. மாதக்கணக்கில் இரவுதோறும் அதே ஆட்களைக் கூட்டுவதே அரிது. நலிந்தது கூத்தின் எந்தப் பகுதி என்று வினவினால், விடை பயிற்சிக் காலம் என்பதாகவே அமையும்.

அதிகாரம் பகிரப்படும் இடம்

பயிற்சிக் காலத்தை வெறும் ஒற்றுமையின் காலமாகப் போற்றுவதும் பொருந்தாது. யாருக்கு அரசன் கொலு, யாருக்குச் சேவகன் வேடம் என்ற முடிவில் குடியும் சாதியும் செல்வமும் செல்வாக்குச் செலுத்தின. களரிக்கு வெள்ளை கட்டுதல் போன்ற பணிகள் குறிப்பிட்ட சாதியினர்மேல் கடமையாகச் சுமத்தப்பட்டன. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். கூத்தின் ஏற்றத்தாழ்வு கதையில் மட்டும் இருக்கவில்லை. சட்டம் கொடுக்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

மேடைச் சீர்திருத்தம் எட்டாத இடமும் இதுவே. பிரதியைச் சுருக்கலாம், ஆட்டத்தைச் செம்மையாக்கலாம். பாத்திரம் பகிரும் ஊர்க்கூட்டத்தில் ஒரு சொல்லும் மாறாது. சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் 2000களின் முற்பகுதியில் சீலாமுனையில் தொடங்கிய ‘கூத்து மீளுருவாக்கம்’ வேறு வாயிலைத் தேர்ந்தது. அண்ணாவிமாரும் கூத்தரும் ஊராரும் களரியிலேயே கலந்துரையாடி, பிரதியில் சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்படும் முறையை வினாவுக்கு உட்படுத்தினர். சிறுவரும் பெண்களும் பயிற்சிக்குள் வந்தனர். கூத்தை ஊரைவிட்டு வெளியே கொண்டுசெல்லாமல், பழகும் காலத்துக்குள்ளேயே மாற்றம் நிகழ்த்த முனைந்தமை இதன் தனித்தன்மை. இதனை மேடைச் செம்மையின் அளவுகோலால் மதிப்பிட்டு, ஆற்றுகையின் நேர்த்தி குறைவு என்று கூறுவது அளவுகோலை மாற்றிப் பிடிப்பதாகும்.

கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று செல்லையா அண்ணாவியாரின் ஊராகிய வந்தாறுமூலையிலேயே அமைந்துள்ளது. அதன் அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் உள்ளது. களத்துக்கும் கல்விக்கும் இவ்வளவு குறைந்த தொலைவு பிற நாட்டார் கலைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எனினும் ஆவணப்படுத்தலின் பழக்கம் செய்தித்தாளின் பழக்கத்தையே பெரிதும் ஒத்துள்ளது: அரங்கேற்ற இரவு ஒளிப்பதிவாகிறது, கூத்துப் பிரதி அச்சாகிறது. அச்சான பிரதி எல்லாப் பாத்திரங்களையும் ஒழுங்காகத் தரும். ஒரு கூத்தருக்கு வழங்கப்பட்ட சட்டக் கொப்பியோ அவருக்குரிய பகுதியை மட்டுமே கொண்டது. அது யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, எந்த இரவில் எந்த அடி திருத்தப்பட்டது, அடுக்குப் பார்த்த நாளில் முதியோர் எதனைக் குறை கூறினர் என்பவை அண்ணாவிமாரின் நினைவில்தான் உள்ளன. அவர்களுள் பலர் முதுமையில் உள்ளனர்.