நாலு மணிப் பசியும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டும்



போன ஐப்பசியில் செங்கம் பக்கம் ஒரு மானாவாரிக் கொல்லைக்குப் போயிருந்தேன். மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மணி நாலு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பசிக்குது என்றன. கொல்லைக்காரர் இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். கடைக்கு ஓடிப்போய் நாலு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வந்து, அந்த மல்லாட்டைக் குவியல் மேலேயே சாய்ந்துகொண்டு பிரித்துத் தின்றன.

“அண்ணே, மாட்டுக்குத் தீவனம் எப்படிப் பார்த்து வாங்குவீங்க?” என்று கேட்டேன்.

“புரதம் இருபது சதமாவது இருக்கணும் சார். மூட்டையிலேயே போட்டிருக்கும். இல்லேன்னா பால் எங்கே கறக்கும்?”

“அந்தப் பாக்கெட்டிலே எத்தனை சதம்?”

சிரித்துவிட்டார். “அதெல்லாம் யாரு சார் பாக்குறா!”

நானே அதைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு சிப்ஸில் புரதம் ஏறக்குறைய 7 சதம். எண்ணெய் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் சாய்ந்திருந்த அந்த மல்லாட்டையில் புரதம் 25 சதம். விலைக் கணக்கையும் பாருங்கள். அஞ்சு ரூபாய் பாக்கெட்டில் 10 கிராம் இருந்தால் கிலோ 500 ரூபாய் ஆகிறது. கமிட்டியில் நம்ம காய்க்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கிராமம் கிராமமாகச் சுற்றுகிற வேலை. ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே பஜ்ஜியோ பிஸ்கட்டோ. இரண்டு வருஷத்துக்கு முன்னே ஒரு முகாமில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. நூறுக்குள் இருக்க வேண்டும். 126ஐத் தொட்டால் நீரிழிவு. நான் வரப்பு மேலே நின்றுகொண்டிருக்கிறேன் என்றார் டாக்டர். என்னைப்போல வரப்பில் நிற்பவர்கள் நாட்டில் 13 கோடிக்கு மேல், நீரிழிவே வந்துவிட்டவர்கள் 10 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது.

சரி, தெரிந்தும் ஏன் கை அங்கேயே போகிறது? நாக்கு மட்டும் காரணம் இல்லை. யூரியா போட்ட பயிர் நாலைந்து நாளில் கருகருவென்று எழும்பும், அப்புறம் வெளுக்கும், மறுபடி கேட்கும். மைதாவும் சர்க்கரையும் உடம்பில் அப்படித்தான். ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்குகிறது. இறங்கினதும் மறுபடி பசி. சிப்ஸில் வேறொரு வித்தை இருக்கிறது. மாவுச்சத்து, எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து வாயில் போட்டதும் கரைகிறது. மெல்லுகிற வேலை இல்லாததால், வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் பாக்கெட் காலி. 2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் 20 பேரைத் தங்கவைத்துச் சோதித்தார். ஆலையில் தயாரான உணவு இரண்டு வாரம், வீட்டுச் சமையல் போன்ற உணவு இரண்டு வாரம். இஷ்டப்பட்ட அளவு சாப்பிடலாம். ஆலை உணவு வைத்தபோது அவர்களை அறியாமலே தினமும் 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடிவிட்டது. ஆகவே பிள்ளையைத் திட்டாதீங்க. அந்தப் பண்டம் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

நாலு மணிப் பசிக்கு வைத்தியம் மத்தியானமே செய்ய வேண்டும். வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டால் சாயங்காலம் வயிறு கடையைத் தேடும். பருப்போ பயறோ முட்டையோ கூட ஒன்று இருந்தால் பசி நிதானமாக வரும். அப்படியும் வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள்.  அப்புறம் கையெட்டுகிற இடத்தில் வேகவைத்த மல்லாட்டையோ சுண்டலோ இருக்க வேண்டும். காலையில் ஊறப்போட மறந்தால் சாயங்காலம் பாக்கெட்தான், இது என் வீட்டு அனுபவம். பாக்கெட்டை வீட்டில் வாங்கி அடுக்கவே அடுக்காதீங்க. வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கட்டும். நடக்கச் சோம்பல்பட்டே பாதி ஆசை போய்விடும். ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை ஒளித்துத் தின்னும். வாரத்தில் ஒரு நாள், சந்தை நாளன்று, என்று வைத்துக்கொள்ளலாம்.

டீயில் சர்க்கரையை நான் மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். நாக்கு பழகிக்கொண்டது. இப்போது பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. சிலர் வெல்லத்துக்கு மாறிவிட்டேன் என்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லமும் அதே ஜாதிதான். என் கணக்கு இப்போது 104. இன்னும் வரப்பை விட்டு முழுசாக இறங்கவில்லை.

இந்த வருஷம் காய் போடும்போது ஒரு மூட்டையை வீட்டுக்கு நிறுத்துங்கள். 40 கிலோ காயில் சுமார் 28 கிலோ பருப்பு கிடைக்கும். நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வீதம், ஏழு மாதத்துக்கு மேல் வரும். மல்லாட்டையிலும் பாதி எண்ணெய்தான், அதனால் கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். நாலு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு முழுப் பருப்பு தராமல் இடித்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.

காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிறவரை காயப்போட்டு, காயாகவே மூட்டை கட்டிப் பலகை மேல் வையுங்கள். உடைக்கும்போது பூஞ்சணம் பிடித்ததும் கறுத்ததும் சுருங்கினதும் இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. அந்தச் சொத்தையை மாட்டுக்கும் போட்டுவிடாதீங்க, பாலில் இறங்கும்.