ரோஜாவுக்குத் தாகம்!

மாலையில் பெண் பார்க்க வருகிறார்கள். கூடத்து மேஜையில் ஆசையோடு ஒரு ரோஜாக் கொத்தை வைக்கிறீர்கள். அவர்கள் வந்து உட்காருகிற நேரத்தில் பார்த்தால், பூவெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது! "பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டான்" என்று பூக்காரன் மேல் கோபம் வருகிறது. பாவம், அநேகமாகக் குற்றம் அவன் மேல் இல்லை. பூவுக்குத் தாகம், அவ்வளவுதான்.

கல்யாணப் பட்டு வாங்க ஆரணிக்குப் போனால், கடையோடு திரும்பிவிடாதீர்கள். நெசவாளர் வீட்டுத் தறி ஒன்றையும் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை அறுந்தாலும், தறியை நிறுத்தி அதை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார்கள். ரோஜாக் காம்புக்குள்ளும் மெல்லிய குழாய்களில் தண்ணீர் இழை இழையாக ஏறுகிறது. காம்பை வெட்டியதும் காற்றுப் புகுந்து அந்த இழை அறுந்துவிடும். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய 'தாஜ்மஹால்' சிவப்பு ரோஜா, பெட்டியில் பயணம் செய்து உங்கள் ஊருக்கு வருவதற்குள் காம்பின் அடி காய்ந்தும் போகும். இந்த இழையை முடிய முடியாது. அறுந்த இடத்துக்கு மேலே வெட்டத்தான் வேண்டும்.

எப்படி வெட்டுவது? அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, காம்பின் அடியை அதில் அமிழ்த்தி, அமிழ்ந்தபடியே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தரி காம்பை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் கிருமிகள் பெருகிக் குழாயை அடைக்கும்.

பூ ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேஜைக் கரண்டி சர்க்கரையும் 2 மேஜைக் கரண்டி எலுமிச்சம் பழச் சாறும் கலந்து ஊற்றுங்கள். சர்க்கரை பூவுக்கு ஆகாரம். புளிப்பு கிருமியை அடக்கும். சர்க்கரையை மட்டும் போட்டீர்களோ, விருந்து கிருமிகளுக்குத்தான்! புளிப்பு பித்தளைக்கு ஆகாது. கண்ணாடி ஜாடியே நல்லது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை காம்பின் அடியைச் சிறிது வெட்டிவிடுங்கள்.

ஜன்னல் வெயிலும் மின்விசிறிக் காற்றும் பூவின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பழத் தட்டின் பக்கத்திலும் வைக்காதீர்கள். வாழையும் மாம்பழமும் கனியும்போது வெளிவிடும் 'எதிலீன்' வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் தலை சாய்ந்துவிட்டதா? குப்பையில் போட்டுவிடாதீர்கள். மறுபடி தண்ணீருக்குள் காம்பை வெட்டி, பூத்தலை நிமிர்ந்திருக்கும்படி காகிதத்தில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் காம்பு முக்கால்வாசி மூழ்கும்படி நிழலான அறையில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பல பூக்கள் நிமிர்ந்துவிடும். இதழ்கள் தாமாகவே உதிர ஆரம்பித்தால் மட்டும், அது தாகமல்ல, வயது. அதற்கு வைத்தியம் இல்லை.

ஆகவே, அடுத்த முறை பூவைக் காலையிலேயே வாங்கி, தாகம் தீர்த்து வையுங்கள். மாலையில் பூவும் நிமிர்ந்து நிற்கட்டும். உங்கள் பெண்ணும் நிமிர்ந்தே வரட்டும்!