வெளிநாட்டு கார்கோ விமானத்தில் பைலட் வேலை: டாலர் சம்பளத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு என்ன?

தருமபுரி மாவட்டம் மொரப்பூர் ரயில் நிலையம் ராத்திரியிலும் தூங்குவதில்லை. ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கும் ஊர் இது. எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட்டு கூட்ஸ் வண்டி ஓரமாகக் காத்திருப்பது இங்கே பழகிப்போன காட்சி. சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு ராத்திரி, பகல் கணக்கு கிடையாது என்பதை ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏறக்குறைய அதே வேலையை 35 ஆயிரம் அடி உயரத்தில், வேறொரு நாட்டு நிறுவனத்துக்காகச் செய்பவர்தான் வெளிநாட்டு சரக்கு விமானி. சம்பளம் டாலரிலோ, யூரோவிலோ, திர்ஹாமிலோ வரும். "பிளஸ் டூ முடிச்சதும் பைலட் கோர்ஸ், அப்புறம் நேரா ஃபாரின் கார்கோ கம்பெனி, லட்சக்கணக்குல சம்பளம்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் ஆசை வரும். நிலத்தை அடமானம் வைக்கக்கூடத் துணிவார்கள்.

அந்தப் பேச்சில் பெரும்பாலானது உண்மைதான். 'நேரா' என்ற ஒரு சொல்தான் தப்பு. அந்த ஒரு சொல்லை நம்பிக் கடன் வாங்கினால் குடும்பமே சிக்கலில் மாட்டிக்கொள்ளும். இந்த வேலை எப்படிப்பட்டது, அங்கே போய்ச் சேரும் வழி என்ன என்பதைப் பார்க்கலாம்.

சரக்கு விமானம் என்ன சுமக்கிறது?

உலக வர்த்தகத்தில் எடைக் கணக்கில் பார்த்தால் விமானத்தில் போவது 1 சதவீதத்துக்கும் குறைவு. மதிப்புக் கணக்கில் பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. செல்போன், மருந்து, இயந்திர உதிரிபாகம், ஓசூர்ப் பக்கத்தில் இருந்து காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜா என, சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய பொருட்களே விமானம் ஏறுகின்றன.

இதில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் பெட்டிகளோடு பெட்டியாகப் போய்விடும். மீதியைச் சுமப்பவை சரக்குக்கென்றே இருக்கும் விமானங்கள். போயிங் 777 சரக்கு விமானம் ஒரே நடையில் 100 டன்னுக்கும் மேல் தூக்கும். 747-8 சரக்கு விமானம் 130 டன்னைத் தாண்டும். உலகின் கடைசி 747 விமானம், 2023 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லஸ் ஏர் என்ற சரக்கு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

இந்தியாவிலும் இந்தத் தொழில் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன், 1996-ல் இருந்து சரக்கு விமானங்களை இயக்கி வருகிறது. ஆனால், இந்தியாவில் சரக்கு விமானங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. பெரிய விமானங்களும் நீண்ட தூரப் பாதைகளும் வளைகுடா, ஐரோப்பா, அமெரிக்கா, சீன நிறுவனங்களிடமே இருக்கின்றன.

மொரப்பூரில் இருந்து விமானி அறைக்கு எத்தனை படி?

மொரப்பூரில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி பைலட் ஆக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். முதல் செலவு பயிற்சிப் பள்ளிக்கு அல்ல, மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று வாங்க வேண்டும். பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்திலும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. கண், காது, இதயம் ஏதாவது ஒன்றில் சிக்கல் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஃபீஸ் கட்டிய பிறகு தெரிவதைவிட, கட்டுவதற்கு முன்பு தெரிவது நல்லது.

அடுத்து வணிக விமானி உரிமம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் தேர்வு உண்டு. ரேடியோ உரிமம் தனி. மத்திய அரசின் பயிற்சிக் கழகம் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது. பயிற்சிப் பள்ளி தொடங்க விமான நிலைய ஆணையம் 2022-ல் தேர்ந்தெடுத்த இடங்களில் நம் பக்கத்து சேலமும் ஒன்று.

உரிமம் வாங்கியதும் வேலை கிடைத்துவிடாது. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 என ஒவ்வொரு ரக விமானத்துக்கும் 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி வேண்டும். எல்லாம் சேர்த்து சுமார் 50 லட்சம் ரூபாயில் இருந்து 1 கோடி வரை ஆகலாம். 80 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 10 வருடக் கடனாக எடுத்தால், மாதத் தவணை மட்டும் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணைத் தேதி வந்துவிடும்.

புது பைலட்டை வெளிநாட்டு கார்கோ நிறுவனம் எடுக்குமா?

பொதுவாக எடுக்காது. வெளிநாட்டவரைப் பணிக்கு எடுக்கும் சரக்கு நிறுவனங்கள் தேடுவது, குறிப்பிட்ட ரக விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய அனுபவசாலிகளை. விமானக் கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமத்துக்கே 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணி நேரத்தோடு போய் நின்றால், "போயிட்டு அனுபவத்தோட வாங்க" என்ற பதில்தான் வரும்.

ஆகவே, பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டாவது வேலை. முதலில் இந்திய நிறுவனத்தில் துணை விமானியாகச் சில ஆண்டுகள். அங்கே 737 ஓட்டியவருக்கு வெளிநாட்டில் 737 சரக்கு விமானம், 777 ஓட்டியவருக்கு 777 சரக்கு விமானம் என வழி திறக்கும்.

விருப்பப்பட்டுப் போனவர்கள் மட்டுமல்ல, வேறு வழியின்றிப் போனவர்களும் உண்டு. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்த விமானிகளில் பலர் வெளிநாடுகளின் கதவைத் தட்டினார்கள்.

வேலையை நினைத்த நேரத்தில் விட்டுப் போகவும் முடியாது. டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி 6 மாதமும் கேப்டன் 1 வருடமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றன.

எல்லா நாடும் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறப்பதும் இல்லை. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்களில் சேர, அந்த நாட்டில் வேலை செய்யும் சட்டப்படியான உரிமை ஏற்கெனவே இருக்க வேண்டும். மற்ற நாடுகளில் இந்திய உரிமத்தை அந்நாட்டு ஆணையம் ஏற்க வேண்டும், அல்லது புதிதாகத் தேர்வு எழுதி மாற்ற வேண்டும். ஆங்கிலப் பேச்சுத் திறனில் சர்வதேச அளவுகோலின்படி 4-ம் நிலையாவது தேவை.

உண்மையான முதலாளி யார்?

இந்தத் தொழிலில் விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரும் சம்பளம் போடும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்பீடு நான்கையும் சேர்த்து ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடும் முறை பரவலாக இருக்கிறது. லாரியை டிரைவரோடு வாடகைக்கு விடுவது போலத்தான். இதற்கு மேல், விமானியை நேரடியாக வேலைக்கு எடுக்காமல் ஓர் ஆள்சேர்ப்பு ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் எடுப்பதும் உண்டு.

அப்படிச் சேர்ந்தவர் சட்டப்படி ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்பது முக்கியமான கேள்வி. ஊழியர் என்றால் பணிக்கொடை, மருத்துவ விடுப்பு போன்றவை இருக்கும். ஒப்பந்தக்காரர் என்றால் பறந்தால் பணம், படுத்தால் இல்லை என்ற நிலை வரலாம்.

குடும்பத்தை எங்கே வைப்பது என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததே. சில நிறுவனங்கள் தங்கள் நாட்டிலேயே குடியிருக்கச் சொல்லும். சில நிறுவனங்கள் 20 நாள் வேலை, 10 நாள் வீடு என்று முறை வைக்கும். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் வருடத்தில் 240 நாள் வெளியே, 120 நாள் வீட்டில். வீட்டுக்கு வந்து போகும் பயண நேரம் அந்த 120 நாளில் கழிகிறதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்தால்தான் தெரியும்.

தூக்கம்தான் பெரிய செலவு

பகலில் சேகரித்த பார்சல் மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும் என்றால் விமானம் ராத்திரிதான் பறக்க வேண்டும். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மனித உடல் மிகவும் தளர்ந்திருக்கும் நேரம். சரக்கு விமானிக்கு அதுதான் அலுவலக நேரம். நேர மண்டலம் மாறிக்கொண்டே இருப்பதால் ஹோட்டல் அறையில் பகலில் தூக்கம் வராது, விமானி அறையில் ராத்திரியில் கண் சொக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2010 மே 22 காலை மங்களூருவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்ததில் 158 பேர் இறந்தனர். அது பயணிகள் விமானம்தான். ஆனால், அதன் கேப்டன் வெளிநாட்டில் இருந்து வந்து பணியாற்றியவர். துபாயில் இருந்து வந்த அந்த இரவுப் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அவர் தூங்கியதையும், விழித்த பிறகும் விலகாத மந்த நிலையையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

சரக்கு விமானத்திலேயே நடந்தது, 2013 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் பர்மிங்காமில். விடியும் முன் தரையிறங்க வந்த யுபிஎஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே மோதி, இரு விமானிகளும் இறந்தனர். அவர்களின் சோர்வும் ஒரு காரணி என்றது அந்நாட்டு விசாரணை வாரியம். பயணிகள் விமானிகளுக்கு வரவிருந்த புதிய ஓய்வு விதிகள் தங்களுக்குப் பொருந்தாது என்பதைப் பற்றி அந்தப் பயணத்திலேயே இருவரும் பேசியது, குரல் பதிவுக் கருவியில் இருந்தது. 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்த விதிகளில் சரக்கு விமானங்களுக்குக் கட்டாயம் இல்லை.

ஐரோப்பிய விதிகள் பயணி, சரக்கு என்று இப்படிப் பிரிப்பதில்லை. எனவே, நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பது விமானியின் தூக்கத்தையும் தீர்மானிக்கிறது.

இன்னொரு ஆபத்து தீ. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் இருந்து கிளம்பிய யுபிஎஸ் 747 விமானம், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விழுந்தது. இரு விமானிகளும் உயிரிழந்தனர். பின்னால் என்ன ஏற்றியிருக்கிறது என்ற பட்டியலைப் படிப்பதும் சரக்கு விமானியின் வேலைதான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* சம்பளத்துக்கு உத்தரவாதம் எத்தனை மணி நேரத்துக்கு? பறக்காத மாதத்தில் என்ன கிடைக்கும்?

* டைப் ரேட்டிங் செலவு யாருடையது? பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?

* மருத்துவச் சான்று பறிபோனால் ஈடுகட்டும் 'லாஸ் ஆஃப் லைசென்ஸ்' காப்பீடு இருக்கிறதா? சர்க்கரை, இதய நோய் என எது வந்தாலும் வருமானம் ஒரே நாளில் நின்றுவிடும் தொழில் இது. கடன் பாக்கி இருக்கும்வரை இந்தக் காப்பீடு இல்லாமல் பறக்கக் கூடாது.

* ஓய்வு நேரம் எந்த நாட்டு விதிப்படி? வழக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்?

* வரி எங்கே? வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் பொதுவாக வெளிநாடு வாழ் இந்தியர் ஆவார். இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. ஆடிட்டரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

* ஏஜென்ட் பதிவு பெற்றவரா? மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வேலை வாங்கித் தர லட்சங்கள் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சரக்கு விமானி வேலை மோசமான வேலை அல்ல. பெரிய விமானம், பல நாடுகள், நல்ல சம்பளம், பயணிகள் தொல்லை இல்லாத பயணம் எல்லாம் உண்மை. 2020-ல் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோதும் மருந்தையும் கருவிகளையும் சுமந்து பறந்துகொண்டிருந்தவர்கள் இவர்களே.

மொரப்பூரில் ஒரு குடும்பம் இன்று முடிவெடுக்க வேண்டியது, வெளிநாட்டு கார்கோவைப் பற்றி அல்ல. மருத்துவச் சான்று கிடைக்குமா, உரிமம் வாங்கிய பிறகு ஓரிரு வருடம் வேலை கிடைக்காவிட்டாலும் தவணையைக் கட்ட முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் முதலில் பதில் வேண்டும். இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் பயிற்சியில் சேரலாம். டாலர் சம்பளத்தைப் பற்றி யோசிக்க, அதற்குப் பிறகு சில ஆயிரம் மணி நேரம் பறக்க வேண்டியிருக்கிறது.