ஐந்து கேள்விக்குறிகள்

படிவத்தில் 'அம்மா' என்று அடித்து அனுப்புகிறோம். சேமித்ததைத் திறந்து பார்த்தால் '?????' என்று நிற்கிறது. பழுது பார்க்க உட்காருபவர் நிரலைத் தொடும் முன்பு அந்தக் கேள்விக்குறிகளை எண்ணிவிட வேண்டும்.

நம் கண்ணுக்கு 'அம்மா' மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15. 'அ' மட்டும் 224, 174, 133 என்று பயணப்படுகிறது.

வாங்கும் சர்வர் இவற்றை லத்தீன்-1 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால், பைட்டுக்கு ஓர் எழுத்து என்று பிரித்துவிடும். 224 தலையில் கோடு சாய்ந்த ஆங்கில 'ஏ' ஆகும். 174 வட்டத்துக்குள் 'ஆர்' ஆகும். பார்க்க அலங்கோலம்தான், ஆனால் பயம் வேண்டாம். எண்கள் பத்திரமாக இருக்கின்றன. சரியான அட்டவணையை வைத்தால் தமிழ் திரும்பிவிடும்.

கேள்விக்குறி வந்தால்தான் இழப்பு. ஐந்து இருந்தால், அதுவரை தமிழ் தமிழாகவே வந்திருக்கிறது; எழுதிவைத்த இடம், பெரும்பாலும் டேட்டாபேஸ், தன் அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு '?' போட்டிருக்கிறது. பதினைந்து இருந்தால், அதற்கு முன்பே யாரோ பைட் பைட்டாகச் சிதைத்துப் படித்திருக்கிறார்கள். எங்கே தேடுவது என்பதை இந்த ஓர் எண்ணிக்கை சொல்லிவிடும். போன எழுத்து மட்டும் வராது. மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

ஜாவாக்காரர்களின் டாம்கேட் சர்வரின் பழைய பதிப்புகளில் இன்னொரு பொறி உண்டு. படிவத் தரவு என்ன குறியாக்கம் என்று பிரவுசர் சொல்லாதபோது, லத்தீன்-1 என்று வைத்துக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். யுடிஎஃப்-8 என்று நிரலில் சொல்லலாம். ஆனால் முதல் புலத்தைப் படிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏதோ ஒரு ஃபில்டர் முந்திக்கொண்டு படித்துவிட்டால், பிறகு சொல்வது ஏறாது. நிரல் வரி சரியாகவே இருக்கும், தமிழ் மட்டும் உடைந்துகொண்டே இருக்கும்.

அப்போது பலர், தமிழைக் காட்டும் பக்கத்தில் உடைந்ததைத் திருப்பி மாற்றும் நிரல் ஒன்றைச் செருகிச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூலத்தைச் சரிசெய்யும் நாளில், நல்ல தமிழையும் அதே நிரல் உடைக்கும்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'யுடிஎஃப்8' என்ற பழைய அமைப்பு மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். பழைய நிலக்கணக்கைப் பதிவேற்றுபவர்கள் 'யுடிஎஃப்8எம்பி4' என்பதைத் தொடக்கத்திலேயே தேர்ந்துவிடுங்கள்.